கொம்பன் சுறாவுக்கு ஒரு விளக்கப் பலகை

உலகத்தில் தலைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஆனால் கொம்பன் சுறாவின் தலை ஏன் சுத்தியல் மாதிரி இருக்கிறது என்பதை நிர்வாக ரீதியாகத் தீர்மானித்த தலை ஒன்றே ஒன்றுதான். அது என் கழுத்தின்மேல் இருக்கிறது. தற்பெருமை எனக்குப் பிடிக்காது; வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் மீன் காட்சியகத்தின் துணை இயக்குநர். வலையில் சிக்கிய கொம்பன் சுறாக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து, வாசலுக்கு நேரே இருக்கும் தொட்டியில் விட்டிருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இதுக்கு ஏன் தலை இப்படி இருக்கு?"

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்று காவலாளி பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் அறிவியல் நிறுவனத்துக்கு இது அழகா? தொட்டிக்கு ஒரு விளக்கப் பலகை எழுத, இயக்குநர் உடனே 'தலை ஆய்வுக் குழு' அமைத்தார். தலைவர் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் மீன் மருத்துவர் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. அவனை வேலைக்கு எடுத்ததில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது, நேர்காணல் நடத்தியதைத் தவிர. முதல் கூட்டத்தில் அவன் எழுந்தான். கண்கள் இரண்டு ஓரத்திலும் இருப்பதால் சுறா சுற்றுமுற்றும் பார்க்கும்; மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை மீனின் உடம்பில் ஓடும் மெல்லிய மின்சாரத்தைக்கூட அந்த அகலத் தலை உணர்ந்துவிடும். இவ்வளவுதான் சொன்னான்.

"அவ்வளவுதானா?" என்றார் கணக்கு அதிகாரி, ஏமாற்றத்துடன்.

"இன்னொண்ணு இருக்கு. மூக்குக்கு நேர் முன்னால இருக்கிறது மட்டும் அதுக்குத் தெரியாது. தொட்டி ரொம்பச் சின்னது மாமா. திரும்பும்போதெல்லாம் சுவத்துல இடிச்சுக்குது, மூக்கு புண்ணாயிடுச்சு. கடல்ல விட்டுடலாம். இப்படியே வெச்சிருந்தா செத்துப்போயிடும்."

"மாப்ளே, இந்தக் கூட்டம் தலையைப் பத்தி. தலை முடிவாகட்டும், அப்புறம் மூக்குக்கு வருவோம்" என்றேன். உறுப்பினர்கள் மேசையைத் தட்டி ஆமோதித்தார்கள்.

பிறகு ஆய்வு சூடுபிடித்தது. அந்தத் தலை 'இருபுறக் கண்காணிப்பு'க்கானது என்றார் பாதுகாப்பு அதிகாரி. பாரத்தைச் சமமாகத் தாங்குவதற்கு என்றார் கட்டடப் பொறியாளர். இரண்டு கண்ணுக்கும் ஒரே தலை போதும் என்ற 'சிக்கனம்' கணக்கு அதிகாரிக்குத் தெரிந்தது. நம் எல்லாருக்கும் அப்படித்தானே என்று யாரும் கேட்கவில்லை. "கூட்டத்துல தனியாத் தெரியணும்ல சார்?" என்றார் விளம்பரப் பிரிவு அம்மா. இயக்குநரோ, நிர்வாகத்தின் பரந்த பார்வைக்கு இயற்கை செலுத்திய மரியாதை என்று எழுதியனுப்பினார். அதை நான் முதலில் வைத்தேன்.

யாருடைய காரணத்தை விட்டாலும் மனஸ்தாபம் வரும். எனவே எதையும் விடவில்லை. பலகை வளர்ந்தது. தயாராகி வந்தபோது, அதை மாட்டுகிற அளவுக்கு அகலமான இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: சுறாத் தொட்டியின் கண்ணாடி.

"மாமா, அப்ப மீன்?" என்றான் மச்சினன்.

"பின்னாடிதானேடா இருக்கு? எங்க போயிடப் போகுது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முழுச் சுறாவைப் பலகையில் மறைக்கலாம். கூட்டம் குறையவில்லை. தினமும் நான் பலகைக்கு முன்னால் நின்று விளக்கம் சொன்னேன். ஒருநாள் ஒரு பெண்மணி மட்டும், "மீன் எங்க சார்?" என்றார்.

"முதல்ல முழுசாப் படிங்க."

"படிச்சுட்டேன்."

"அப்புறம் உங்களுக்கு மீன் எதுக்கு?"

பலகைக்குச் 'சிறந்த காட்சிப்பொருள்' விருது கிடைத்தது. விருது கொடுக்க வந்த பெரியவர், சம்பிரதாயம் தெரியாத மனிதர். "அந்தத் தலையை ஒரு தடவை நேர்ல பாக்கலாமா?" என்றார்.

திருகுகளைக் கழற்றி, பலகையை இறக்கினோம். உள்ளே தெளிந்த தண்ணீர். கொஞ்சம் குமிழிகள். வேறொன்றும் இல்லை.

பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "அபாரம்! எவ்வளவு சாமர்த்தியமா ஒளிஞ்சிருக்கு!"

"கொஞ்சம் கூச்ச சுபாவம் ஐயா" என்றேன்.

எல்லாரும் கைதட்டினார்கள். தொட்டியோடு நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

அவர் கார் கிளம்பியதும் மச்சினனை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "செத்துப்போச்சாடா?"

"பலகை மாட்டின மறுநாளே படகுல கொண்டுபோய் விட்டுட்டேன் மாமா. தண்ணியில இறக்கினதும் ஒரே வீச்சா போச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"கேட்டேனே. நீங்க பலகையில எழுத்துப்பிழை பாத்துட்டிருந்தீங்க. 'சரி சரி, நகரு, வெளிச்சத்தை மறைக்காதே'ன்னு சொன்னீங்க."

கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே போய், வெட்கம் மட்டும் மிஞ்சி நின்றது. அத்தனை நாளும் காலித் தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பரந்த பார்வையைப் பற்றிப் பேசியிருக்கிறேன்.

பலகையை மறுபடி மாட்டினோம். விருது வாங்கிய பலகை அல்லவா? திருகை முடுக்கிக்கொண்டே மச்சினன் கேட்டான்: "நான் சொன்னதுல ஒண்ணு விட்டுப்போச்சே மாமா. மூக்குக்கு முன்னால இருக்கிறது தெரியாதுங்கறது. அதையும் ஓரமா எழுதிடலாமா?"

"வேணாம் மாப்ளே" என்றேன். "உள்ள சுறா இருந்தவரைக்கும் எழுதியிருக்கலாம். இப்ப எழுதினா, படிக்கிறவங்க நிமிர்ந்து என்னைத்தான் பாப்பாங்க."