மகளுக்கு நான் பேசிய பேரம்

விலையைக் கூட்டிச் சொன்னால் வாங்க வந்தவர் போய்விடுவார் என்று ஐம்பது வயதுவரை நம்பிய ஆள் நான்.

மகள் அபி உதைபந்தாட்டக்காரி. நாங்கள் குடியேறிய ஐரோப்பிய ஊரான இக்காஸ்ட்டில் பிள்ளை பந்து விளையாடக் காசு கட்டுவது நாங்கள்தான். கழகச் சந்தா கட்டி, சனிக்கிழமைகளில் மைதான ஓரத்தில் சொசேஜ் சுட்டு விற்று, அணியின் பயணச் செலவுக்காகத் தமிழ் வீடு வீடாக டொய்லெட் பேப்பரும் விற்றவன் நான். (இன்றைக்கும் சிலர் என்னைக் கண்டால் கதவு திறப்பதில்லை.) படிப்போ இங்கே இலவசம். அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். படிப்புக்குக் கொள்ளைக் காசு. நன்றாகப் பந்து உதைத்தால் அதைப் பல்கலைக்கழகமே கட்டுமாம்.

அப்படி ஒரு பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர், அபி விளையாடிய வீடியோவைப் பார்த்துவிட்டுப் பாதிச் செலவு தருவதாகச் சொன்னார்.

“பாதி காணாது அப்பா. முழுசாத் தந்தால் போவன். இல்லாட்டி இங்கயே ஓல்போர்க்கில படிக்கிறன்,” என்றாள் அபி.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் சத்தம் என்று இருந்தது அபி மட்டும்தான். ஓல்போர்க் என்றால் சனி, ஞாயிறு வந்துவிடுவாள். ஆனால் அந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அவளை மயக்கிவிடுவாரோ என்று பயம். ரண்டர்ஸில் இருக்கும் நண்பர் சிவம் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

“முழுசையும் கேள். ஆள் ஓடிப்போயிடுவான்,” என்றார்.

“கட்டாயம் ஓடுவானோ அண்ணை?”

“சீதனப் பேச்சில எத்தினை பேர் ஓடினவை? நீ காணேல்லையோ?”

வீடியோ அழைப்புக்குக் கோட் போட்டேன். கீழே சாரம். பயிற்சியாளர் நலம் விசாரித்து முடிப்பதற்குள், தொழிற்சாலை ஆங்கிலத்தில் அவிழ்த்துவிட்டேன்: வேறொரு பல்கலைக்கழகம் முழுச் செலவும் தருகிறதாம்.

அபி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

“எந்தப் பல்கலைக்கழகம்?” என்று கேட்டார் அவர்.

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயராவது வாயில் வர வேண்டுமே! மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டேன்.

“அப்பா! உங்களுக்கு விசரே?” அழுதுகொண்டே போய் அறைக் கதவைச் சாத்தினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. நிம்மதியாகவும் இருந்தது. அவளுக்குப் பிடித்த இறால் பொரித்து வைத்தேன்.

மறுநாள் வேலையில் நிற்கும்போது அழைத்தாள். “அப்பா, முழுசும் தருகினமாம்! கதைச்சுக்கொண்டிருக்கேக்கையே லைனை வெட்டின தகப்பனை அந்த ஆள் இதுவரை காணேல்லையாம்!”

நான் என்னவோ சொன்னேன். இயந்திரச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. (கேட்காததும் நல்லது.)

இப்போது அமெரிக்காவில் அவளுடைய அணி முழுக்க எனக்கு வைத்திருக்கும் பெயர் ‘ஏஜென்ட்’. ஞாயிறுகளில் வீடியோவில் ஒவ்வொருத்தியாக முகம் காட்டி, தங்களுக்கும் பேசித் தரச் சொல்கிறார்கள். நானும் கமிஷன் எவ்வளவு என்று கேட்பேன். அபி விழுந்து விழுந்து சிரிப்பாள். பிறகு பயிற்சிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விடுவாள்.

நடந்தது இவ்வளவுதான். பாதி விலையில் என்னோடு இருந்திருக்க வேண்டியவளை, முழு விலை பேசி நானே அனுப்பிவைத்தேன்.