தங்கராசு அண்ணனுக்கு நான் வாசித்த இரங்கலுரை

நான் யாரையும் கொலை செய்ததில்லை. ஆனால் ஒருவரைச் சாகடித்திருக்கிறேன். பட்டப்பகலில், நிறைந்த அரங்கில், மைக் வைத்து. சாட்சிக்குத் துணைவேந்தரே முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான் அப்போது தமிழ் உதவிப் பேராசிரியர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். முனைவர் பட்டம் வந்த சூட்டோடு, நல்ல தொகுப்பாளர் என்ற பெயரும் வந்துவிட்டது. எந்த விழாவானாலும் என்னைத்தான் மைக் முன்னால் நிறுத்துவார்கள். என் குரல் கணீரென்று இருப்பதாக யாரோ ஒருமுறை சொல்லிவிட்டார்கள். (சொன்னது என் மாமியார். பெண்ணைக் கொடுத்த பிறகு, பாவம், வேறு எதைத்தான் பாராட்டுவார்?)

வருடா வருடம் பணியில் சாதனை செய்த பேராசிரியர்களுக்கு ஒரு பாராட்டு விழா நடக்கும். அந்த வருடம் முதல்முறையாக மற்ற ஊழியர்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் ஒருவர் நிலவியல் துறையின் ஆய்வக உதவியாளர் தங்கராசு அண்ணன். அரியலூர்ப் பக்கம் எந்தக் காலத்திலோ கடல் இருந்ததாம். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் தோண்டத் தோண்டச் சிப்பியும் சுறாப்பல்லும் கல்லாய் வரும். அவற்றைத் தேடி எடுத்து வந்து, கழுவி, சீட்டு ஒட்டி, துறையின் கண்ணாடி அலமாரிகளை நிரப்பியவர் அவர்தான். படிப்பு பத்தாம் வகுப்பு. கல்லைக் கையில் வாங்கினால் எந்த ஊர்ப் பள்ளத்தில் எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று சொல்லிவிடுவார்.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பு அவருக்கு நெஞ்சுவலி வந்து, திருச்சியில் வைத்தியம் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் செய்த காரியத்துக்கு நான் சொல்லக்கூடிய ஒரே சமாதானம் அதுதான்.

விழாவன்று காலை ஒன்பதரை மணிக்குள் பரிசு பெறுகிறவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். தங்கராசு அண்ணனை மட்டும் காணோம். பதிவாளர் என்னைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். அண்ணனின் செல்போனுக்கு அடித்தேன். எடுத்தது அவர் மனைவி அஞ்சலை அக்கா. பின்னணியில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. (பக்கத்துத் தெரு மாரியம்மன் கோயிலில் அன்றைக்குக் காப்புக்கட்டு. இதை நான் தெரிந்துகொண்டது மாலை நான்கு மணிக்கு.)

"அண்ணன் இருக்காருங்களா?" என்று கேட்டேன்.

"அவரு போயிட்டாருங்க" என்றது கம்மிப் போன ஒரு குரல். "விடியக்காலையே போயிட்டாரு."

எப்படிங்க என்று மட்டும் கேட்க முடிந்தது.

"நான் கொல்லையில இருந்தேங்க. வந்து பாத்தா ஆளு இல்ல. ஒரு வாய் காப்பித்தண்ணிகூடக் குடிக்கல. சொல்லாம கொள்ளாம போயிட்டாரு."

"மனச தேத்திக்கங்கம்மா. நாங்கல்லாம் இருக்கோம்."

"என்னத்தத் தேத்திக்கிறது. இவரு எப்பவும் இப்படித்தான்."

செத்துப்போன புருஷனைப் பற்றி எந்தப் பெண்ணாவது எப்பவும் இப்படித்தான் என்பாளா? முனைவர் பட்டம் வாங்கிய மூளைக்கு அது உறைக்கவில்லை. துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறார் என்று முடிவுகட்டி, போனை வைத்துவிட்டு நேராகப் பதிவாளரிடம் போனேன். உறுதிதானா என்று அவர் கேட்டார். மனைவியே சொன்னார்கள் சார் என்றேன். என் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்து அவரும் நம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அலுவலகக் கண்காணிப்பாளரும் இன்னும் இரண்டு பேரும் மலர்வளையத்தோடு வேனில் கிளம்பினார்கள். அண்ணனின் ஊர் திருமழபாடிக்குப் பக்கம். இங்கே அவருடைய அலுவலகக் கோப்பிலிருந்து படத்தை எடுத்துப் பெரிதாக்கி, மேடையில் வைத்து மாலை போட்டார்கள். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் "வாழ்த்துகிறோம்" என்ற சொல்லின் மேல் வெள்ளைத்தாளை ஒட்டினார்கள்.

என் கோப்பில் அண்ணனைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதி வைத்திருந்தேன். பல ஆண்டுகளாகச் செவ்வனே பணியாற்றி வருகிறார் என்று. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். ஓரத்தில் இரண்டு இடங்களில் "குரல் தழுதழுக்க" என்று குறித்தும் வைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

விழா பதினொரு மணிக்கு இரங்கலோடு தொடங்கியது. "அரியலூர் மண்ணின் சுண்ணாம்புச் சுரங்கங்கள் எல்லாம் இன்று கண்ணீர் வடிக்கின்றன" என்று ஆரம்பித்தேன். குறித்து வைத்த இடங்களில் குரல் தானாகவே தழுதழுத்தது. கேன்டீன் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். உள்ளூர எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இதைவிட நன்றாக யாரும் பேசிவிட முடியாது என்று நினைத்துக்கொண்டே இறங்கினேன்.

அடுத்து வந்த நிலவியல் துறைத் தலைவர் கையில் தாள் எதுவும் இல்லை. அவர் அண்ணனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை, அவர் அவர் என்றே பேசினார். தன்னுடைய ஆய்வுக் கட்டுரைகள் எல்லாவற்றிலும் இருக்கும் கற்கள் அவர் கொண்டுவந்து கொடுத்தவை என்றார். எது எந்த அடுக்கில் கிடைத்தது என்று தனக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான் என்றார். ஒரு கட்டுரையிலாவது அவர் பெயரைப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரையும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனமாக இருக்கச் சொன்னேன். எல்லோரும் கண்ணை மூடினாலும் தொகுப்பாளன் மூட முடியாது, நேரம் பார்க்க வேண்டும். வாட்சைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அரங்கின் கடைசி வாசலில் ஒருவர் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி. முழங்கால்வரை செம்மண். காலடியில் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. கையைக் கட்டி, தலையைக் குனிந்து, மற்ற எல்லோரையும்விட ஒழுங்காக மௌனம் அனுசரித்துக்கொண்டிருந்தார் தங்கராசு அண்ணன்.

(பக்கத்தில் நின்ற கேன்டீன் அக்காவிடம் மெதுவாக "யாருக்கும்மா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.)

அந்த ஒரு நிமிடத்தை நான் மூன்று நிமிடமாக இழுத்தேன். வாயைத் திறந்தால் என்ன சொல்வது? துணைவேந்தர் தொண்டையைச் செருமினார். கடைசியில் மைக்கில், "இப்போது தங்கராசு அவர்கள் மேடைக்கு வருவார்கள்" என்றேன். துக்கத்தில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக முன்வரிசை நினைத்தது. பின்வரிசையிலிருந்து சத்தம் எழும்பியது.

அண்ணன் மூட்டையோடு நடந்து வந்தார். மேடையேறியதும் படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். "தமிழ் சார், நானா?" என்று மெதுவாகக் கேட்டார். தலையாட்டினேன். அவர் படத்திலிருந்து மாலையைக் கழற்றி, மடித்து, ஒரு நாற்காலியில் வைத்தார்.

நடந்தது இவ்வளவுதான். வழியில் ஒரு சுரங்கத்தில் மழைக்குப் பிறகு பெரிய கல் ஒன்று வெளியே தெரிவதாகக் காவல்காரர் முதல்நாளே சொல்லியிருக்கிறார். விழா மேசையில் வைத்தால் அழகாக இருக்கும் என்று, போனை வீட்டிலேயே மறந்துவிட்டு, விடியக்காலை அதை எடுக்கப் போயிருக்கிறார். மூட்டையைப் பிரித்தார். நத்தை போலச் சுருண்ட, தாம்பாளம் அளவு கல்.

துணைவேந்தர் சால்வை போர்த்தினார். கைதட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வார்த்தை பேசச் சொன்னதும் அண்ணன் துறைத் தலைவர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க கடைசியா பேசுனத வாசல்ல நின்னு கேட்டேன். வேற யாரோன்னு நெனச்சேன். பேரு போட்டிருக்கணும்னு சொன்னீங்க. இனிமே போடுவீங்களா சார்?"

துறைத் தலைவர் தரையைப் பார்த்தபடி, "போடறேன் தங்கராசு" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என் போனில் பதினோரு அழைப்புகள் தவறியிருந்தன. எல்லாம் வேனில் போன கண்காணிப்பாளருடையவை. மலர்வளையத்தை மூன்று பேரும் பிடித்துக்கொண்டு வாசலில் இறங்கியிருக்கிறார்கள். அதில் புருஷன் பெயரைப் படித்த அஞ்சலை அக்கா, வழியில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, படியிலேயே விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். உடையார்பாளையத்து உறவுக்காரர்கள் வரைக்கும் செய்தி போய், அவர்கள் பஸ் ஏறியிருந்தார்கள்.

உயிரோடு இருக்கிறார் என்று போனில் நான் சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை. நானும் அண்ணனும் காரில் போனோம். தெருமுனையிலேயே ஒப்பாரி கேட்டது. நான் காரைவிட்டு இறங்கவில்லை. (தைரியம் அவ்வளவுதான்.) அண்ணன் தனியாக உள்ளே போனார். அழுகை சட்டென்று நின்றது. அப்புறம் ஒரே ஒரு குரல் மட்டும், முன்னைவிடப் பெரிதாக, மறுபடி தொடங்கியது. மெல்ல இறங்கி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தேன். அஞ்சலை அக்கா நல்லாயிருந்த கையால் அவர் நெஞ்சில் அடித்து அடித்து அழுதுகொண்டிருந்தார். நெஞ்சு வைத்தியம் பார்த்த இடம் என்பது நினைவுக்கு வந்து அவரே கையை எடுத்துக்கொண்டார்.

பிறகுதான் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"போயிட்டாருன்னா, எங்க போயிட்டாருன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதாங்க சார்?" என்றார்.



அதோடு என் தொகுப்பாளர் பதவி போயிற்று. அதற்காக வருத்தமில்லை. அண்ணன் மறுபடி வேலைக்கு வந்தார், என்னைப் பார்த்தால் பழையபடியே சிரித்தார், என்னால்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எட்டு மாதம் கழித்து ஒருநாள் காலை அஞ்சலை அக்காவே என்னைக் கூப்பிட்டார். "சார், இவரு எறந்துட்டாருங்க" என்று அந்தச் சொல்லைத் தெளிவாகச் சொன்னார். ஒருமுறை போதாது என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பவும் சொன்னார்.

துறைத் தலைவர் சொன்னபடி அடுத்த கட்டுரையில் அண்ணனின் பெயரைப் போட்டிருந்தார். ஆனால் மெய்ப்பு பார்க்கும் நேரத்தில் செய்தி போனதால், அந்தக் கட்டுரை அச்சாகி வந்தபோது அந்தப் பெயருக்குப் பக்கத்தில் இறந்தவர்களுக்குப் போடும் சின்னச் சிலுவைக் குறியும் சேர்ந்திருந்தது. கருமாதியன்று அதன் பிரதியை எடுத்துக்கொண்டு அவரும் நானும் போனோம். அஞ்சலை அக்கா அதை வாங்கி, ஆங்கில எழுத்துக்களுக்கு நடுவே தன் புருஷன் பெயர் எது என்று காட்டச் சொன்னார். துறைத் தலைவர் விரல் வைத்துக் காட்டினார். அக்கா அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். அந்தக் குறி என்ன என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

வெளியே வந்து நின்றபோது உறவுக்காரப் பெரியவர் ஒருவர் நான் யார் என்று விசாரித்தார். "இவருதான் அவரு இருக்கறப்பவே மாலை அனுப்பிச்ச சாரு" என்றார் அக்கா. யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அப்புறம் கருமாதி வீடே சிரித்தது. அக்காவும் சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் மாலை சார்.

போன மாதம் அவர்கள் பேத்திக்குக் காதுகுத்து. பத்திரிகை வைத்திருந்ததால் போயிருந்தேன். வாசலில் நின்றிருந்த அஞ்சலை அக்கா என்னைப் பார்த்ததும் வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"மாலை சாரு வந்திருக்காரு. எல்லாரும் உசுரோட இருக்கமான்னு ஒருதரம் பாத்துக்கங்க."