டாக்டர் ஓட்டின வண்டி

ஒரு காட்டில் முதலில் செல்போன் டவர் வந்தது, அப்புறம் தார் ரோடு வந்தது. இரண்டும் வந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? பழைய கார் வியாபாரமும் வந்தது. கடை போட்டது கோமதிநாயகம் என்ற நரி.

அதற்கு முன் கோமதிநாயகத்துக்குக் கோழி திருட்டுதான் தொழில். கடைசியாகப் போனபோது ஊர் நாய்கள் அதன் ஒரு காதைப் பாதியாக்கி அனுப்பின. "இனிமே கோழிப் பக்கம் போனீங்க, நான் எங்கம்மா குகைக்குப் போயிடுவேன்" என்றது மனைவி சொர்ணம். நரி அன்றைக்கே சத்தியம் செய்தது. கோழியோடு பொய் சொல்வதையும் சேர்த்தே விட்டொழித்தது. ஒரே நேரத்தில் இரண்டு கெட்ட பழக்கங்களை விடக்கூடாது என்று அதற்குச் சொல்ல ஆளில்லை, பாவம்.

கடை வாசலில் ஒரு போர்டு மாட்டியது: 'இங்கு உண்மை மட்டுமே பேசப்படும்.' வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்தார்கள். "நரி கடையில இப்படி ஒரு போர்டா? அப்ப விஷயம் பெருசுதான்" என்று அப்படியே திரும்பிப் போனார்கள்.

துணிந்து உள்ளே வந்தது ஒரு முயல் மட்டும்தான். "மழைக்காலத்துல பின்கதவு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மத்தபடி வண்டி நல்ல வண்டி" என்றது நரி.

"கதவையே ஒத்துக்கிறான்னா இன்ஜின்ல என்ன இருக்கோ!" என்று முயல் ஓடிவிட்டது.

இடத்துக்குச் சொந்தக்காரனான முதலை ஒருநாள் வந்தது. பொங்கலுக்குள் ஒரு வண்டியாவது விற்காவிட்டால் காலி பண்ணு என்று சொல்லிவிட்டது. காலி பண்ணினால் மறுபடி கோழிதான். கோழி என்றால் நாய்கள். மிச்சமிருக்கும் காதும் போகும், சொர்ணமும் போகும்.

இந்த நேரத்தில்தான் தேன் வியாபாரி தெய்வசிகாமணி என்ற கரடி வந்து சேர்ந்தது. கூடவே 'தெரிஞ்ச மெக்கானிக்' ஒரு குரங்கு. பழைய கார் வாங்க வருகிறவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, கரடி வந்ததும் டயரை ஒரு உதை உதைத்தது. உதைத்தால் என்ன தெரியும் என்று இதுவரை யாருக்கும் தெரியாது.

குரங்கு வண்டிக்கு அடியில் போய், மேலே வந்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு, முகத்தில் எண்ணெயோடு நிமிர்ந்தது. "அண்ணே, வண்டி தங்கம். கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்."

கரடி குரங்கைத் தனியே தள்ளிக்கொண்டு போனது. "நரிகிட்ட எவ்வளவு கமிஷன் வாங்கின?"

"எங்கம்மா சத்தியமா ஒண்ணுமில்லண்ணே!"

கரடி நம்பவில்லை. நரியிடம் திரும்பியது. "முன்னால யாரு வச்சிருந்தது?"

"ஆமைங்க, அண்ணாச்சி. மெதுவாத்தான் ஓட்டிச்சு. பிரேக் அப்படியே புதுசு மாதிரி இருக்கு, இன்ஜினும் தேயல." அத்தனையும் உண்மை.

"ஆமை கார் ஓட்டிச்சாம்! காது குத்துறதுக்கு வேற ஆளப் பாருய்யா" என்று கரடி வாசலை நோக்கி நடந்தது.

நரிக்குக் கண் இருட்டியது. பாதிக் காது தானாகத் துடித்தது. தன்னை அறியாமல் கத்திவிட்டது. "ஆமை இல்லண்ணாச்சி! டாக்டர் ஓட்டின வண்டி! சிங்கிள் ஓனர்!"

கரடி நின்றது. "எந்த டாக்டரு?"

காட்டில் இருக்கும் டாக்டரே ஒருத்தர்தான். "நம்ம... மரங்கொத்தி டாக்டரு."

"அவரு பறந்துல்ல போவாரு! அவருக்கு எதுக்குய்யா காரு? பிரேக்குக்குக் காலு எட்டுமா?"

 நரியின் வால் கிடுகிடுவென்று ஆடியது. எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டது.

திறந்து பார்த்தால் கரடி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறது. "மாட்டினியா! இவ்வளவு நேரமா உன் மூஞ்சில ஒண்ணுமே தெரியலையா, எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பத்தான புரியுது! பொய் சொன்னா உனக்கு வாலு ஆடுது. பிரேக்கைச் சொன்னப்ப ஆடல, இன்ஜினைச் சொன்னப்ப ஆடல. அப்ப வண்டி நல்ல வண்டிதான்."

பொய் சொன்ன குற்றத்துக்காக விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கரடி வண்டியை எடுத்துக்கொண்டு போனது. போகிற வழியெல்லாம், "என்கிட்டயே கதை விட்டான். நான் யாரு? விடுவேனா?" என்று சொல்லிக்கொண்டே போனது.

மறுநாள் கடையில் கூட்டம். ஆளுக்கு ஒரு பொய்யைக் கண்டுபிடித்து, ஆளுக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஓடிப்போன முயலும் வந்தது. முரண்டு பிடிக்கும் கதவை "வெண்ணெய் மாதிரி திறக்கும்" என்று நரி சொல்ல, தானே இழுத்துப் பார்த்துப் பொய்யைப் பிடித்துவிட்டு, அந்த வண்டியையே சந்தோஷமாக வாங்கிக்கொண்டது.

நரி வீட்டுக்கு வந்தபோது சொர்ணம் நண்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தது. "எல்லா வண்டியும் போயிடுச்சாமே. எப்படிங்க வித்தீங்க?"

"எல்லாம் உண்மையைச் சொல்லித்தான்" என்றது நரி.

சொர்ணம் கரண்டியைக் கீழே வைத்தது. நரியின் வாலைப் பார்த்தது. அது கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. சொர்ணத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"அப்பாடா! கடை போட்டதிலிருந்து எங்க போனேன், யாரைப் பார்த்தேன்னு ஒண்ணு விடாம ஒப்பிச்சீங்களே. ஏதோ பெருசா மறைக்கிறீங்கன்னு நெனைச்சு எனக்குத் தூக்கமே இல்லைங்க. எங்கம்மா குகைக்குப் போகத் துணியெல்லாம்கூட எடுத்து வச்சுட்டேன்."

பிறகு பெரிய நண்டாகப் பார்த்து இலையில் வைத்தது.

நீதி: நல்லவராக இருப்பது உங்கள் சொந்த விஷயம்; நம்பகமானவர் என்று பெயரெடுக்க வேண்டுமானால், அவ்வப்போது ஒரு சின்னப் பொய்யோடு கையும் களவுமாகப் பிடிபடுங்கள்.