பீப்பாய் துரையின் புளித்த பீர்

கல்கத்தாவில் நான் பார்த்த வெள்ளைக்காரர்களில், மனிதர்களைவிடப் பீப்பாய்களை மதித்தவர் ஒருவர்தான். மனிதர்களுக்கு அவர் குட்மார்னிங் சொல்லி நான் கேட்டதில்லை. பீப்பாய்களுக்குச் சொல்வார். ஒவ்வொன்றையும் தட்டி, காதை வைத்துப் பதிலும் கேட்பார்.

அவர் பெல்ஜியத்துக்காரர். பெயர் எங்கள் ஆபீசில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை என்பதால் பீப்பாய் துரை என்று வைத்துவிட்டோம். கிடர்பூர் துறைமுகத்தை ஒட்டி, சீமைச் சரக்கு இறக்குமதி செய்யும் கம்பெனியில் அவர் கிடங்குக்கு அதிகாரி, நான் குமாஸ்தா. கும்பகோணத்துப் பிராமணனுக்குச் சாராயக் கம்பெனியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கையால் எழுதினேன், மூக்கால் முகர்ந்தேன், வாயால் தொட்டதில்லை.

பிரான்சிலிருந்து பிராந்தி பீப்பாயில் வரும், நாங்கள் பாட்டிலில் அடைப்போம். காலிப் பீப்பாய்களைத் தண்ணீர்த் தொட்டிக்கென்று யாராவது வாங்கிப் போவார்கள். துரை வந்த பிறகு ஒன்றுகூட வெளியே போகவில்லை. மலைப்பக்கத்து ஆலையிலிருந்து வரும் புது பீரை அவற்றில் நிரப்பினார். தன் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய பீப்பாய்ப் பலகையில் ஆளுக்கொரு சில்லாக எல்லாவற்றிலும் போட்டு, தக்கையை அடித்து மூடினார். நம் வீட்டில் உறைமோர் மாதிரி அவருக்கு அந்தப் பலகை. அதில் ஊறிய புளிப்பு பீரில் ஏறி, பிராந்தி மணமும் கலந்து, மெல்ல முதிர வேண்டுமாம். அவர்கள் ஊரில் புளித்தால்தான் அது பீராம்.

கல்கத்தா வெயிலில் எது மெல்ல முதிரும்? பீப்பாய்களுக்கு ஈரச் சாக்கு போர்த்திப் பார்த்தார். போதவில்லை என்று, எங்கள் தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருந்த பங்காவைக் கழற்றிக் கிடங்கில் மாட்டிவிட்டார். நாங்கள் வியர்வையில் எழுத்துக் கரைய உட்கார்ந்திருந்தோம், பீப்பாய்கள் காற்று வாங்கின. எங்கள் தலைமைக் குமாஸ்தாவான பெரிய பாபு போய் முறையிட்டார். மனிதர்கள் சூட்டில் கெட்டுப்போக மாட்டார்கள், பீர் கெட்டுப்போகும் என்று பதில் வந்தது.

வீட்டில் வேறு சங்கடம். "ஏன்னா, உங்க வேஷ்டியைத் துவைக்கறப்போ எனக்கே தலையைச் சுத்தறது. பவானிபூர்ல நம்ம மனுஷா நாலு பேர் இருக்கா, என்ன நெனைச்சுப்பா?" என்றாள் என் மனைவி. நான் துரையைப் பற்றிச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

ஒருநாள் மத்தியானம் நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது துரை மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தார். கேட்காமல் கொள்ளாமல் என் நார்த்தங்காய் ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். என் ஆசாரம் அங்கேயே கப்பலேறியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "எத்தனை வருஷம்?" என்றார். மூன்று என்றேன். தொப்பியைக் கழற்றி ஊறுகாய்க்கு வணக்கம் சொன்னார்.

இதைக் கேட்டதும் மனைவியின் மனசு இளகிவிட்டது. "இந்த ஊர்ல பருப்புலகூடச் சர்க்கரையைப் போடறா. பாவம், நாக்கே செத்துப்போயிருக்கும் அவருக்கு" என்றாள். அது முதல் துரைக்குத் தனி ஜாடி போயிற்று.

அடுத்த கோடையில் கம்பெனியின் பெரிய துரை கிடங்கைப் பார்வையிட வந்தார். ஒரு பீப்பாயின் மேல் குனிந்து என்ன சத்தம் என்று கேட்டதுதான் தாமதம், தக்கை வெடித்து அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போயிற்று. வெள்ளைச் சட்டையெல்லாம் நுரை. மீசையில் வழிந்ததை நக்கிப் பார்த்து, "வினிகர்" என்றார். மறுநாளே எல்லாவற்றையும் கங்கையில் கொட்டும்படி உத்தரவு.

மறுநாள் கூலிகள் வந்தபோது பீப்பாய் துரை ஒரு பீப்பாயின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்தார். துரையோடு சேர்த்துப் பீப்பாயை உருட்டலாமா என்று கூலிகள் விழித்தார்கள். அவர் சாப்பிடக்கூட இறங்கவில்லை. கடைசியில் பெரிய பாபுதான் பெரிய துரையைப் பார்க்க மாடிக்குப் போனார். இத்தனை சரக்கையும் ஊர் பார்க்க ஆற்றில் கொட்டினால், நம் கம்பெனிச் சரக்கே ஊசல் என்று கிடர்பூர் முழுக்கப் பேசுமே என்று பணிவாகச் சொன்னார். கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை கிடைத்தது. வெயிலில் பங்காவைப் பறிகொடுத்த மனிதர் ஏன் இப்படிப் பரிந்து பேசினார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த மழைக்காலத்தில்தான் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. துரையின் ஊருக்குள் படை புகுந்துவிட்டதாகப் பத்திரிகையில் வந்தது. அங்கே அவருக்கு அம்மா இருந்தாள். அவளிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. துரை பீப்பாய்களைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். கிடங்கு மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார். சாக்குகள் காய்ந்துபோகும் என்று நானும் பெரிய பாபுவும் சொல்லி வைத்துக்கொள்ளாமலே முறைபோட்டுத் தண்ணீர் ஊற்றினோம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், துறைமுகத்தில் முடங்கிக் கிடந்த ஒரு பெல்ஜியக் கப்பலின் மாலுமிகளைத் துரை அழைத்துவந்தார். பெரிய துரையும் வந்து தள்ளியே நின்றார், இம்முறை தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. தக்கையைத் திறந்ததும் பழுத்த பழமும் ஈர மரமும் பிராந்தியும் கலந்த ஒரு வாசனை கிடங்கை நிறைத்தது. மாலுமிகள் குடித்தார்கள். நரைத்த மாலுமி ஒருவர் இரண்டாவது வாய் குடித்துவிட்டு ஏதோ கேட்க, துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

என்ன கேட்டார் என்று பிறகு துரையிடம் விசாரித்தேன்.

"எங்க ஊர்ல எந்தத் தெருக் கடையில வாங்கினதுன்னு கேக்கறான்" என்றார். "இங்கேயே செஞ்சதுன்னா நம்ப மாட்டேங்கறான்."

பெரிய துரையும் ஒரு கிளாஸ் குடித்து முகத்தைச் சுளித்தார். வினிகர்தான் என்றார். பிறகு கிளாஸை மறுபடி நீட்டினார்.

கப்பல் புறப்பட்டபோது பீப்பாய் துரையும் அதில் ஏறிவிட்டார், அம்மாவைத் தேடிக்கொண்டு. போய்ச் சேர்ந்தாரா, அவள் இருந்தாளா, ஒன்றும் தெரியவில்லை. சண்டை முடிந்தும் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் அந்த நாட்டுக் கொடியோடு கப்பல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் துறைமுகத்துக்குப் போய், இறங்குகிறவர்கள் எல்லோரும் இறங்கும்வரை நிற்கிறேன். யாரைப் பார்க்கப் போனேள் என்று மனைவி கேட்டால், சும்மா காற்று வாங்கத்தான் என்கிறேன். அவளும் நம்பினமாதிரி இருந்துவிடுகிறாள்.