ஹார்னாக வந்த ரிலே ராவுத்தர்

தஞ்சாவூர் ஜில்லாவில் என்னை விடப் பெரிதாகப் பெருமை அடித்துக்கொள்ள ஒரே ஒரு மனிதரால்தான் முடிந்தது. அவர் ரிலே ராவுத்தர். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். நெல் மூட்டை தூக்கியே இரண்டு ரைஸ் மில்லுக்கு முதலாளி ஆனவன். இந்தக் கதையை நான் ஆரம்பித்தால் ஊரே வாயைப் பிளந்து கேட்கும். ராவுத்தர் மட்டும் கொட்டாவி விடுவார்.

"இருங்க மில்லுக்காரரே. கல்லணையில ஷட்டர் ஏறுதே, அந்த மோட்டார்ல யாரு கை பட்டிருக்குன்னு கேட்டுப் பாருங்க!"

தஞ்சாவூர் நாகை ரோட்டில் அவருக்குக் கார் எலெக்ட்ரிக் கடை. எந்த வண்டி வந்தாலும், "ரிலே போயிருக்கும்" என்பார். தீப்பெட்டி அளவுக் கறுப்புப் பெட்டி அது. பேட்டரி கரண்டை மோட்டாருக்குக் கைமாற்றி விடும் தரகர். ஒருமுறை டீசல் தீர்ந்து நின்ற டிராக்டருக்கும் ரிலேதான் என்று சத்தியம் செய்தார். பட்டப்பெயர் வந்தது அன்றுதான். கொஞ்சமாவது வெட்கப்பட்டாரா? "டீசல் இல்லேன்னு கடைசியில கண்டுபுடிச்சது யாரு? நான்தானே!"

என் தங்கை மகளுக்குத் திருவிடைமருதூரில் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டால்தான் எங்களில் பெண் மணவறை ஏறுவாள். வீட்டில் எல்லோரும் முதல் நாளே போய்விட்டார்கள். மில் வேலை என்று தங்கிய நான், காலையில் மாலையோடு ஒரத்தநாட்டிலிருந்து காரில் தனியாகக் கிளம்பினேன். தஞ்சாவூரை எட்டுவதற்குள் சூட்டு முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து ஆவி. எப்படியோ உருட்டிக்கொண்டு ராவுத்தர் கடையில் போய் நின்றேன்.

"ரிலே" என்றார், பானெட்டைத் திறக்காமலே.

"யோவ், என் தங்கச்சி மவ கல்யாணம்யா! பாத்துச் சொல்லும்!"

ஏ.சி.யைப் போடச் சொன்னார். போட்டதும் சுற்றவேண்டிய ரேடியேட்டர் ஃபேன் அசையவில்லை. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார், நன்றாக இருந்தது. பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயரை ஃபேனுக்குக் கொடுத்தார், ஜம்மென்று சுற்றியது.

"மோட்டாரு நல்லாருக்கு. ஃபியூஸு நல்லாருக்கு. அப்ப என்ன?"

பல்லைக் கடித்துக்கொண்டு, "ரிலே" என்றேன்.

"ஆங்!" அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

புது ரிலேவுக்கு ஸ்பேர் கடை திறக்கவேண்டும். முகூர்த்தம் அதுவரை நிற்காது. ராவுத்தர், கெட்டுப்போன ரிலேவுக்குப் பக்கத்தில் இருந்த ஹார்ன் ரிலேவைக் கழற்றி ஃபேனுக்கு மாட்டினார். "ரெண்டும் ஒரே சாதி." ஃபேன் ஓடியது. ஹார்ன் ஊமையானது.

"கும்பகோணம் ரோட்டுல ஹார்ன் இல்லாம எப்படிய்யா போறது?"

கடைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு முன் சீட்டில் ஏறினார். "எடுங்க வண்டிய. நான்தான் ஹார்ன்."

வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே தலை. "ஆட்டுக்காரத் தம்பி, ஒதுக்கிக்க!", "தாயி, புல்லுக்கட்ட ஓரமா!", "பஸ்ஸண்ணே, வழி விடு, பொண்ணு மாலைக்குக் காத்திருக்கு!" கும்பகோணம் கடைத்தெருவில் ஒரு பெரியவர், யாரோ ஓட்டுக் கேட்கிறார் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ராவுத்தரும் விடவில்லை; பதிலுக்குக் கும்பிட்டுக்கொண்டே, "நம்ம வண்டிக்கு வழி விடுங்க!" என்றார்.

மண்டப வாசலில் தங்கை அழுத கண்ணோடு நின்றாள். ஓடிப்போய் மாலையைப் போட்டேன். பெண் மணவறை ஏறினாள். கெட்டிமேளம் கொட்டியது.

பந்தியில்தான் ராவுத்தரைக் கவனித்தேன். பேச வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மொத்தக் குரலையும் ரோட்டிலேயே கொட்டிவிட்டிருந்தார்.

"இவரு யாருண்ணே?" என்றாள் தங்கை.

"உன் பெரியண்ணன்" என்றேன். "மொதல்ல அவருக்குச் சூடாப் பால் கொண்டா."