ரெண்டு இன்ச் லூஸ்

இழுத்தால் நீளுகிற துணியைத் தொடுவதே இல்லை என்று ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சபதம் செய்தேன். புதன்கிழமை மதியம் அதே துணியில் பன்னிரண்டு உடைகளை வெட்டி முடித்திருந்தேன். என் சபதங்கள் சராசரியாக ஒன்றரை நாள் உயிரோடு இருக்கும். அந்தக் கணக்கில் இது நீண்ட ஆயுள்தான்.

நான் கோட்டுத் தையல்காரன். இருபத்திரண்டு வருட அனுபவம். என் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஆளின் அளவை எடு, அதோடு இரண்டு அங்குலம் லூஸ் சேர், பிறகு வெட்டு. மனிதன் மூச்சு விட வேண்டும், உட்கார வேண்டும், விருந்துக்குப் போனால் இரண்டாவது முறையும் தட்டை நீட்ட வேண்டும். மனித குலத்தின் நிம்மதியே அந்த இரண்டு அங்குலத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

என் மனைவியும் தையல்காரிதான். வீட்டு முன்னறையில் ஜன்னல் பக்கம் என் மெஷின், சுவர்ப் பக்கம் அவள் மெஷின். நடுவில் வெட்டும் மேசை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் அந்த மேசையைத் தாண்டி எத்தனையோ வார்த்தைகள் வந்து என் மேல் விழுந்திருக்கின்றன. 'நீங்க செஞ்சதுதான் சரி' என்ற வாக்கியம் மட்டும் வந்ததில்லை. செத்துப் போவதற்குள் ஒரு தடவையாவது அதைக் கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பெரிய பையோடு வந்தாள்.

"ஏங்க, ஜிம்னாஸ்டிக்ஸ் பள்ளியில பன்னிரண்டு பொண்ணுங்களுக்கு டிரஸ் கேட்டிருக்காங்க. சனிக்கிழமை போட்டி."

"நல்லது. தை."

"தைக்கிறது நான். வெட்டுறது நீங்க. உங்க கை மாதிரி சுத்தமா எனக்கு வராது."

புகழ்ச்சி காதில் இனித்தது. துணியைக் கையில் எடுத்தேன். மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு தரைக்குப் போனது. எடுத்து இழுத்தேன். ஒரு முழம் இருந்தது ஒன்றரை முழமானது. விட்டேன். ஒன்றும் நடக்காதது போல் பழைய அளவுக்கே வந்து நின்றது.

"என்ன துணி இது? சொந்தப் புத்தியே இல்லை. யார் இழுத்தாலும் பின்னாடியே போகுது."

"உங்களுக்கு நல்லா ஒத்துப்போகும்."

"கம்பளி தொட்ட கை இது. ரப்பரைத் தொடாது. முடியாதுன்னா முடியாது."

அவள் வாதாடவில்லை. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை அவளுடைய அக்கா ஏணியிலிருந்து இறங்கும்போது கால் பிசகிவிட்டதாகப் போன் வந்தது. இவள் கிளம்பினாள். மேசையில் துணியை விரித்து, அதன் மேல் அளவுத்தாளை வைத்து, தாள் பறக்காமல் இருக்க என் கத்தரிக்கோலையே எடுத்து மேலே வைத்தாள்.

"சாயங்காலம் வந்து நானே வெட்டிக்கிறேன். நீங்க கிட்டயே போகாதீங்க."

"போக மாட்டேன்."

"நல்லது. இது உங்களுக்கு வராது."

"அன்னைக்கு என் கை சுத்தம்னு சொன்ன?"

"அது கோட்டுக்கு. இது வேற வித்தை."

கதவு சாத்திக்கொண்டது. நான் கால்மணி நேரம் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். பிறகு அளவுத்தாளைப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று சபதத்தில் எங்கும் இல்லை.

பார்த்ததும் நெஞ்சு பதறியது. மார்பு இருபத்திரண்டு. இடுப்பு இருபது. அடுத்த பிள்ளைக்கு இருபத்தொன்று, பத்தொன்பது. பன்னிரண்டு பேருக்கும் இதே கதை. எல்லாம் ஒல்லிப் பிள்ளைகள் போலிருக்கிறது, போகட்டும். லூஸ் எங்கே? வெறும் உடம்பளவை அப்படியே எழுதி வைத்திருக்கிறாள். இதை இப்படியே வெட்டினால் சனிக்கிழமை மேடையில் குட்டிக்கரணம் போடும் பிள்ளை முதலில் மூச்சுவிட வழி தேட வேண்டும். எங்கள் வீட்டு மானம் ஊர் முன்னால் தையல் பிரியும்.

கத்தரிக்கோலை எடுத்தேன். கௌரவம் வேறு, கடமை வேறு.

துணி என்னோடு மல்லுக்கு நின்றது. இந்த முனையைப் பிடித்தால் அந்த முனை சுருண்டது. இஸ்திரிப் பெட்டி, அலாரம் கடிகாரம், எங்கள் மகனின் பழைய அகராதி எல்லாவற்றையும் தூக்கி மேலே வைத்தேன். அவற்றையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. அடியில் செய்தித்தாளை விரித்து, துணியை அதோடு சேர்த்து ஊசி குத்தி, இரண்டையும் ஒன்றாக வெட்டினேன். துணி வாலைச் சுருட்டிக்கொண்டது.

விளிம்பு மடிக்கக் கால்சட்டை கொடுத்திருந்த மாடி வீட்டு டிரைவர் அப்போதுதான் உள்ளே வந்தார்.

"என்னண்ணே, அக்கா வேலையை நீங்க பார்க்கிறீங்க?"

"அளவுல லூஸ் விட மறந்துட்டா. ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு இன்ச் சேர்த்து வெட்டுறேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அக்காவுக்குத் தெரியாமலா?"

"ஏன், முடியாதா?"

"கேள்விப்பட்டதில்லை, அதான்" என்றவர் கால்சட்டையைக் கேட்கக்கூட மறந்து மாடிக்குப் போனார்.

சாயங்காலம் அவள் வந்தபோது பன்னிரண்டு அடுக்குகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் பெயர்ச் சீட்டு.

"நீங்களா வெட்டினீங்க?"

"பார்க்கப் பாவமா இருந்துச்சு."

"என் அளவுப்படிதானே?"

"ஒரு நூல் மாறலை" என்றேன், கண் இமைக்காமல்.

அவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நன்றியில் அழுகிறாள் என்று நினைத்து எனக்கே கண் கலங்கிவிட்டது.

இரண்டு நாள் அவள் மெஷின் ஓயவில்லை. இந்தத் துணிக்கு நேர்த் தையல் போட்டால் இழுக்கும்போது நூல் அறுந்துவிடுமாம். கோணல் மாணலாக, பாம்பு போகிற மாதிரி தைத்தாள். எனக்குப் பார்க்கவே கூசியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ரகசியம் உள்ளே இருப்பவன் பெருந்தன்மையாக நடந்துகொள்ள வேண்டும்.

சனிக்கிழமை அரங்கில் பயிற்சியாளர் அம்மா உடைகளைப் பிரித்தார். ஒவ்வொன்றும் பொம்மைக்குத் தைத்தது போல் இருந்தது. இரண்டு அங்குலம் சேர்த்தே இவ்வளவுதானா? நான் சேர்க்காமல் விட்டிருந்தால் கைக்குட்டைதான் மிஞ்சியிருக்கும்.

பிள்ளைகள் உள்ளே போனார்கள். வெளியே வந்தார்கள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தொய்வு இல்லை. தோலோடு பிறந்த மாதிரி ஒட்டியிருந்தது. 'பம்பரம்' என்று எல்லோரும் கூப்பிடும் பெண் ஓடிவந்து காற்றில் இரண்டு சுற்று சுற்றி, காலை இரு பக்கமும் அகட்டித் தரையில் உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு துணி கிழியும் சத்தத்துக்குக் காத்திருந்தேன். கேட்டது கைதட்டல்தான்.

முதல் பரிசு எங்கள் குழுவுக்கு. பயிற்சியாளர் அம்மா நேராக எங்களிடம் வந்தார்.

"இவ்வளவு கச்சிதமான வெட்டு நான் பார்த்ததில்லை. யார் வெட்டினது?"

"இவர்தான்" என்றாள் என் மனைவி. வரிசையில் இருந்த அத்தனை பெற்றோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கை கொடுத்தார். இன்னொருவர் கோட்டுக்கு அளவு கொடுக்க எப்போது வரலாம் என்று கேட்டார். எனக்குக் கால் தரையில் இல்லை.

அரங்கத்தின் படிக்கட்டில் இறங்கும்போது அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஒரு உண்மையைச் சொல்லட்டுமா? உன் அளவுப்படி நான் வெட்டலை. ரெண்டு இன்ச் சேர்த்தேன்."

"நீங்க செஞ்சதுதான் சரி" என்றாள்.

பத்தொன்பது வருடம். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னொரு தடவை சொல்லு."

"நீங்க செஞ்சதுதான் சரி. இந்தத் துணிக்கு லூஸ் சேர்க்கக் கூடாதுங்க, குறைக்கணும். உடம்பளவுல ரெண்டு இன்ச் குறைச்சு வெட்டினாத்தான் ஒட்டி நிக்கும். நீங்க எந்த அளவைப் பார்த்தாலும் ரெண்டு சேர்ப்பீங்க. அதனால நாலு குறைச்சு எழுதினேன்."

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ அக்கா கால்?"

"நல்லாத்தான் இருக்கு. ரெண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம்."

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே, திங்கட்கிழமை. கேட்டீங்களா?"

கேட்கவில்லை. அவள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தாள். பெரியவர்கள் குழுவுக்கு இருபது உடையாம், பயிற்சியாளர் அம்மா போன வாரமே அளவு கொடுத்துவிட்டாராம். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வெட்டுறேன். ஆனா இந்தத் தடவை உன் கணக்கு பலிக்காது. ஒரு நூல்கூடச் சேர்க்க மாட்டேன், பார்த்துக்க."

"தெரியுங்க" என்றாள். "அதான் இதுல ரெண்டு மட்டும் குறைச்சு, சரியான அளவையே எழுதிட்டேன்."