கேத்தல் காக்காவும் என் ஊமை ஷெல்லும்

கல்முனையில் பிறந்தவர்களில், கோபம் வந்தால் ஆளை விட்டுவிட்டுக் கேத்தலோடு கதைக்கிற ஒரே மனிதர் என் அறையில் கூடத் தங்கியிருக்கும் காக்காதான்; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். தண்ணீர் கொதிக்க வைக்கும் அந்த மின்சாரக் கேத்தலே பிறகு அவருக்குப் பெயருமாயிற்று.

வீட்டுக்காரர் வந்து, "தம்பி, மோட்டர நிப்பாட்டலியா?" என்பார். காக்கா திரும்பவே மாட்டார். "கேத்தலே, போட்டது இவர்ட மருமகன் எண்டு சொல்லு."

அவருடைய சீனி டின்னை நான் கேட்காமல் காலியாக்கிய நாளிலிருந்து எனக்கும் அதே வழிதான். டின் அலுமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டது.

அந்த வாரம்தான் எனக்குக் கணினிச் செய்முறைப் பரீட்சை. சி மொழியில் ஒரு சின்ன ஷெல் எழுத வேண்டும். தட்டும் கட்டளையை அது ஓட்ட வேண்டும். > குறி போட்டால் விடை திரைக்கு வராமல் கோப்புக்குள் போக வேண்டும். பிழை விட்டால் பாடமே ஃபெயில். "ஒரு மணித்தியால வேல மச்சான்" என்று வகுப்பில் மார்தட்டியவன் நான். ஒவ்வொரு முறையும் "கட்டளையிடுங்கள் சுல்தானே" என்று என் ஷெல் கேட்பதற்கான அலங்காரத்துக்கே அரை நாள் போனது.

ls > list.txt என்று, கோப்புகளின் பட்டியலைக் கேட்டுத் தட்டினேன். கோப்பு நிரம்பியது. ஷெல் ஊமையானது, திரையில் சுல்தான் வரவே இல்லை. லெப்டொப்பைக் குற்றம் சொன்னேன், கரண்டைக் குற்றம் சொன்னேன், லினக்ஸை இரண்டு தரம் புதிதாக ஏற்றினேன். என் நிரலை மட்டும் சந்தேகிக்கவில்லை. மறுபடி ஓட்டினேன், மறுபடி ஊமை. ஆத்திரத்தில் 'கழுத', 'மாடு' என்றெல்லாம் தட்டினேன்.

பின்னால், இந்தப் பாடத்தை எப்போதோ பாஸ் பண்ணிய காக்காவின் குரல் கேட்டது. "கேத்தலே, அது ஊமையில்ல. ஃபைலுக்குள்ள இரிந்து கதைக்குது. தொறந்து பாக்கச் சொல்லு."

திறந்தேன். "கட்டளையிடுங்கள் சுல்தானே. கழுத: அப்படியொரு கட்டளை இல்லை. கட்டளையிடுங்கள் சுல்தானே. மாடு: அப்படியொரு கட்டளை இல்லை." கோப்பு முழுக்க என் மானம்.

காக்கா சிரிப்பை அடக்கக் கேத்தல் மூடியைத் திறந்து மூடினார். "டப்டூவ எங்க போட்டிரிக்கான் எண்டு கேளு."

டப்டூ என்பது பேச்சைக் கோப்புப் பக்கம் திருப்பும் வரி. ஃபோர்க் என்பது, ஷெல் தன்னைப் போலவே ஒரு பிள்ளையைப் பெற்று வேலைக்கு அனுப்பும் வரி.

"ஃபோர்க்குக்கு முன்னால" என்றேன், நானும் கேத்தலைப் பார்த்தே.

"அதான்! வேலைக்குப் போறது மகன். இவன் வாப்பாட வாயையும் சேத்துத் திருப்பிட்டான். முதல்ல மகனப் பெத்து, அவன்ட வாய மட்டும் திருப்பச் சொல்லு. வாப்பா வீட்டயே இரிக்கட்டும்."

வரியை இடம் மாற்றினேன். ஷெல் உடனே என்னைத் திரையில் சுல்தான் என்றது. கூச்சமாக இருந்தது, அந்தச் சுல்தான் வரியை அழித்துவிட்டேன்.

பரீட்சை முடிந்து அறைக்கு வந்ததும், காக்காவுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைக் கேத்தலிடம் கொண்டுபோனேன்.

"கேத்தலே, காக்காட்ட சொல்லு, நான் பாஸ்."

அவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: "கேத்தலே, ரெண்டு பேருக்கும் பிளேன்டி ஊத்தச் சொல்லு."

பாலில்லாத அந்தத் தேநீருக்காக மேசையில் சீனி டின் இருந்தது. மூடி கழன்று, உள்ளே கரண்டியும் போட்டபடி.